ஒரு தம் போட்டா டென்ஷன் குறையுமாம்!

செமஸ்டர் நெருங்கினால் எங்கள் கல்லூரி வாசல் பெட்டிக்கடையில் இரண்டு சரக்கு வேகமாகத் தீரும். ஒன்று பேனா ரீஃபில். இன்னொன்று சிகரெட், அதுவும் பாக்கெட்டாக இல்லை, ஒத்தை ஒத்தையாக. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. கடை எத்தனை கெஜத்தில் இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தக் கடையில்தான் எனக்கு டீ கடன் இருக்கிறது :-)

அங்கே நின்றுகொண்டு பசங்க சொல்வது ஒரே வசனம்தான். "மச்சி, ஹாலுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தம் போட்டுக்கலாம்டா, டென்ஷனா இருக்கு." இந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை. புகை பிடிப்பது கெட்ட பழக்கம், பெற்றோர் காசைக் கரியாக்காதே என்றெல்லாம் உபதேசம் பண்ண வரவில்லை. அதற்கு ஊரில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். "டென்ஷன் குறையுது" என்பது பச்சைப் பொய் என்று மட்டும் சொல்ல வந்திருக்கிறேன். அந்தப் பொய்யைச் சொல்பவனுக்கே அது பொய் என்று தெரியாது, ஆனால் அவன் நெஞ்சுக்குள் இருப்பதற்குத் தெரியும்.

முதலில் ஒரு விஷயம். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. பயோமெடிக்கல் இன்ஜினியரிங். அதாவது டாக்டர் பார்க்கிற மெஷினைப் பிரித்து மாட்டுகிற படிப்பு. எங்கள் லேபில் ஒரு பழைய ஈசிஜி மெஷின் உண்டு. வாராவாரம் யாராவது ஒருத்தன் சட்டையைக் கழற்றிப் படுக்க வேண்டும், மற்றவர்கள் வயரை மாட்டிக் கோடு எடுக்க வேண்டும். போன மாதம் படுத்தவன் என் பெஞ்ச் நண்பன். பெயர் வேண்டாம், அவன் வீட்டுக்குத் தெரியாது.

ஈசிஜி தாளைப் பார்க்காதவர்களுக்காக: அது கட்டம் போட்ட தாள், விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். ஒரு பெரிய கட்டம் என்றால் 0.2 விநாடி. ஒரு உயரமான முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று வந்துவிடும். அவ்வளவுதான் கணக்கு. நண்பனுக்கு நாலு கட்டம் வந்தது. 75. நல்ல பிள்ளை. அப்புறம் இடைவேளை விட்டார்கள். அவன் கீழே போய் "டீ குடித்துவிட்டு" வந்தான். வந்தவனை மறுபடி படுக்கப் போட்டோம், வேறொரு குழு கோடு எடுக்க வேண்டியிருந்தது. மூன்றரைக் கட்டம். கிட்டத்தட்ட 86.

"மாடி ஏறி வந்தேன்டா, அதான்" என்றான். நியாயமான ஆட்சேபணை. லேப் இரண்டாவது மாடியில் இருக்கிறது. அடுத்த வாரம் டீயும் இல்லாமல் தம்மும் இல்லாமல் அதே மாடியை ஏறி வரச் சொல்லி, பத்து நிமிடம் படுக்க வைத்து எடுத்தோம். நாலு கட்டம். அவனே வீம்புக்குக் கீழே இறங்கிப் போய் ஒன்றைப் பிடித்துவிட்டு (நான் போகச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் போயிருப்பான்) மறுபடி ஏறி, அதே பத்து நிமிடம் படுத்தான். மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே. நாலு வரவில்லை. லேப் அட்டெண்டர் அண்ணன் வந்து தாளைப் பார்த்துவிட்டு "என்னப்பா, பேப்பர் ரோல் உங்கப்பா வாங்கித் தந்ததா?" என்று கேட்டதோடு எங்கள் ஆராய்ச்சி முடிந்தது.

ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு இரண்டு தடவை எடுத்த கோடு எதையும் நிரூபிக்காது. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த அரைக் கட்டம் என்னை விடவில்லை. அது எங்கே போனது என்று தேடப் போனேன்.

இதயத்துக்குத் தானாகத் துடிக்கத் தெரியும் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். வலது மேலறையின் மேல்பக்கம் சைனஸ் கணு என்று ஒரு சின்னத் திசு. 1907-இல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃப்ளாக்கும் கண்டுபிடித்தார்கள். அதுதான் மின்சாரத் தட்டு தட்டுகிற மேஸ்திரி. பள்ளியில் சொல்லித் தராத விஷயம் இது: அந்த மேஸ்திரியைச் சும்மா விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தட்டு தட்டுவார். நமக்கு 70, 75 என்று இருப்பதற்குக் காரணம் மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு. அது பிரேக்கில் காலை வைத்தபடியே இருக்கிறது. இதய மாற்று அறுவை செய்தவர்களுக்கு இந்த நரம்பு அறுந்துவிடும். அதனால் அவர்களுக்குப் படுத்திருக்கும்போதே 90, 100 என்று ஓடும். ஆக, ஓய்வு என்பது வண்டி நிற்பது இல்லை. பிரேக் சரியாகப் பிடித்திருப்பது. "ரிலாக்ஸ்" என்ற வார்த்தைக்கு உடம்பில் ஏதாவது முகவரி உண்டு என்றால் அது இந்த வேகஸ்தான்.

இப்போது தம்மைப் பற்ற வையுங்கள். இழுத்த புகையிலிருந்து நிகோடின் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து 10 முதல் 20 விநாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. கையில் போடும் ஊசி மருந்து கூட அவ்வளவு சீக்கிரம் போகாது. போகிற வழியில் நரம்பு முடிச்சுகளைத் தட்டி எழுப்புகிறது. இதுவும் புதுச் செய்தி இல்லை. 1889-இலேயே கேம்பிரிட்ஜில் லாங்லியும் டிக்கின்சனும் நரம்பு முடிச்சுகளின் மேல் நிகோடினைத் தடவித்தான் எந்த நரம்பு எங்கே முடிகிறது என்று வரைபடம் போட்டார்கள். நரம்புமண்டலத்தை ஆராய்பவர்கள் கையில் கருவியாக இருந்த விஷம் அது. நம் ஆட்கள் அதை டீயோடு சேர்த்து அடிக்கிறார்கள்.

முடிச்சுகள் எழுந்ததும் சிம்பதட்டிக் நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் கொட்டுகிறது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் வருகிறது. நாய் துரத்தும்போது வருகிற அதே சரக்கு. 1976-இல் கிரையர் என்பவரும் அவர் குழுவும் இதை அளந்து வெளியிட்டார்கள். புகைக்கும்போது ரத்தத்தில் இந்த இரண்டும் கூடின. அட்ரினலின் வேலை செய்ய முடியாதபடி மருந்து கொடுத்துத் தடுத்துவிட்டுப் புகைக்கச் சொன்னால் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. ரத்தத்தில் அட்ரினலின் அளவு கூடியது தெரிவதற்கு முன்பே நாடி ஏற ஆரம்பித்துவிட்டது. அதாவது ரத்தம் சுற்றி வரும்வரை காத்திருக்கவில்லை, இதயத்தில் முடிகிற நரம்பு முனைகளே நேரடியாகக் கொட்டத் தொடங்கிவிட்டன என்று அவர்கள் அர்த்தம் பண்ணினார்கள்.

இன்னொரு பக்கம் பிரேக் தளர்கிறது. நல்ல இதயம் கடிகாரம் மாதிரி ஒரே சீராகத் துடிக்காது. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகம், விடும்போது கொஞ்சம் நிதானம் என்று ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம் வேகஸின் கையெழுத்து. ஆட்டம் குறைந்தால் பிரேக் பலவீனம். 1990-இல் ஜப்பானில் ஹயானோ குழுவினர் ஒரே ஒரு சிகரெட்டுக்குப் பிறகு சில நிமிடங்களிலேயே இந்தக் கையெழுத்து மங்குவதைக் காட்டினார்கள்.

ஆக்சிலேட்டரை மிதித்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, அதற்கு "ரிலாக்ஸ்" என்று பேர் வைத்திருக்கிறோம். நல்லா இருக்குங்க.

"அப்படின்னா எனக்கு நிஜமாவே ரிலாக்ஸா இருக்கே, அது என்ன?" என்று கேட்பான். கேட்டான். அதற்கும் பதில் இருக்கிறது. ரத்தத்தில் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். பழகின மூளை அதற்குள் எரிச்சல்பட ஆரம்பிக்கும், கவனம் சிதறும், சும்மா இருப்பவன் மேல் கோபம் வரும். அடுத்த தம் அந்த எரிச்சலை அணைக்கிறது. அணைப்பதும் அதுவே, மூட்டியதும் அதுவே. இறுக்கமான செருப்பை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் கழற்றும்போது வருகிற சுகத்துக்காகவே மறுநாளும் அதே செருப்பை மாட்டுகிற மாதிரி. 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. புகையை நிறுத்தியவர்களுக்குப் பதற்றமும் மன அழுத்தமும் குறைந்திருந்தன, தொடர்ந்தவர்களுக்கு அப்படி இல்லை. பரிட்சை ஹாலில் என் நண்பனுக்கு முதல் மணி நேரம் முடிந்ததும் கால் ஆட ஆரம்பிக்குமே, அது மூன்றாவது யூனிட் படிக்காததால் மட்டும் இல்லை.

சரி, ஈசிஜிக்கு வருவோம். வேகம் மட்டும் மாறியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஈசிஜியில் உயரமான முள்ளுக்குப் பிறகு ஒரு சின்ன மேடு வரும், டி அலை என்று பெயர். கீழறைகள் துடித்து முடித்து அடுத்த துடிப்புக்குத் தயாராவதை, அதாவது மின்சாரம் மறுபடி சார்ஜ் ஏறுவதை அந்த மேடு காட்டுகிறது. 1938-இலேயே, பாஸ்டனில், பால் டட்லி ஒயிட்டும் (அந்தக் காலத்து அமெரிக்காவின் பெரிய இதய டாக்டர்) அவருடைய சகாக்களும் புகையிழுத்த பிறகு ஈசிஜியில் வரும் மாற்றங்களை எழுதிவிட்டார்கள். துடிப்பு ஏறியது, பலருக்கு டி மேடு தட்டையானது. எல்லோருக்கும் இல்லை, பலருக்கு.

1938! ஈசிஜி மெஷினைக் கண்டுபிடித்த ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்ததே 1924-இல்தான். மெஷின் பிரபலமான கையோடு சிகரெட்டும் மாட்டிக்கொண்டது. ஆனால் என்ன நடந்தது? 1946-இல் அமெரிக்காவில் கேமல் கம்பெனி "டாக்டர்கள் அதிகம் பிடிப்பது எங்கள் சிகரெட்தான்" என்று விளம்பரம் போட்டது, வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் படத்தோடு. 1964-இல் அமெரிக்க அரசின் புகழ்பெற்ற அறிக்கை நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகரெட்தான் காரணம் என்று தைரியமாகச் சொன்னது. இதயத்துக்கு மட்டும், புகைப்பவர்கள் அதிகம் சாகிறார்கள், ஆனால் சிகரெட்தான் காரணமா என்பது தெளிவாகவில்லை என்ற ரீதியில் நழுவியது. அந்த நழுவலின் நிழல்தான் இன்றைக்கும் நம் தலையில் இருக்கிறது என்பது என் சந்தேகம். சிகரெட் என்றவுடன் நம் எல்லோருக்கும் நுரையீரல் ஞாபகம் வருகிறது. இதயம் இரண்டாவதாகத்தான் வருகிறது, அதுவும் "வயசானா அடைப்பு வரும்" என்கிற கணக்கில்.

புகையில் நிகோடின் மட்டும் இல்லை. கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் பாதி விலகவே நாலைந்து மணி நேரம் ஆகும். அதற்குள் நம் ஆள் இன்னும் மூன்று நாலு பிடித்திருப்பான். 1989-இல் அமெரிக்காவில் அல்ரெட் குழுவினர் செய்த சோதனையை ஜிம்முக்குப் போகும் நண்பர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஏற்கெனவே இதய ரத்தக்குழாய் நோய் இருந்த 63 ஆண்கள். புகையே கிடையாது, வெறும் கார்பன் மோனாக்சைடை மட்டும் கொஞ்சம் சுவாசிக்கக் கொடுத்து டிரெட்மில்லில் நடக்க விட்டார்கள். ஹீமோகுளோபினில் 4 சதவீதம் அதால் நிரம்பியபோது, இதயத்துக்கு ஆக்சிஜன் பற்றாக்குறை என்று ஈசிஜி காட்டும் எஸ்.டி. மாற்றம் சுமார் 12 சதவீதம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. 2 சதவீதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. தினசரி பிடிப்பவர்களின் ரத்தத்தில் 4 சதவீதம் என்பது சர்வ சாதாரணம்.

இங்கேதான் "ஓடினாலும் துடிப்பு ஏறுது, காதலிச்சாலும் ஏறுது, அதுக்கெல்லாம் தடை போடுவியா?" என்கிற புத்திசாலிக் கேள்விக்குப் பதில் வருகிறது. (இந்தக் கேள்வியைக் கேட்டவன் இரண்டுமே செய்வதில்லை என்பது வேறு விஷயம்.) ஓடும்போது இதயம் அதிகம் உழைக்கிறது, கூடவே இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் விரிகிறது, ரத்தம் அதிகமாக வருகிறது, அந்த ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது. ஓடி முடித்ததும் வேகஸ் வந்து பிரேக் போடுகிறது. தினமும் ஓடுகிறவனுக்கு அந்தப் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கும். புகைக்கும்போதும் இதயம் அதிகம் உழைக்கிறது. ஆனால் குழாய் சுருங்குகிறது, வருகிற ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் வேறொருத்தன் உட்கார்ந்திருக்கிறான், பிரேக்கும் தளர்ந்திருக்கிறது. கூலியைக் குறைத்துவிட்டு ஓவர்டைம் பார்க்கச் சொல்லும் முதலாளிதான் இது. நாள் முழுக்கப் பிடிப்பவருக்குச் சராசரியாக நிமிடத்துக்கு 7 துடிப்பு கூடுதல் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 10,080 துடிப்பு அதிகம். ஒன்றும் செய்யாமல். மாடிகூட ஏறாமல்.

காபியைப் பற்றியும் கேட்பார்கள். காபியில் கார்பன் மோனாக்சைடு இல்லை. முடிந்தது. பீடி? பீடியில் பெரும்பாலும் நிகோடினும் அதிகம், கார்பன் மோனாக்சைடும் அதிகம். அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேறு வேண்டும். வேப் என்று கிளம்பியவர்களுக்கும் நிகோடின் என்றால் அதே அட்ரினலின் கதைதான், 2019-இல் இங்கே அதற்குத் தடையும் வந்துவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகு நியாயமாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இருபது வயதுப் பையன் ஆரோக்கியமான இதயத்தோடு ஒரு சிகரெட் பிடித்தால் பொத்தென்று விழுந்து சாக மாட்டான். அப்படி எழுதி மிரட்டுகிற ஃபார்வர்டுகள் மேல் எனக்குக் கடுப்பு. அதைப் படிப்பவன் ஒன்று பிடித்துப் பார்க்கிறான், விழவில்லை, எல்லாமே கப்சா என்று முடிவு பண்ணிவிடுகிறான். ஆபத்து எங்கே என்றால், மின்சாரம் ஏற்கெனவே கொஞ்சம் கோளாறாக இருக்கிற இதயத்தில். அடைப்பு இருக்கிறது, தெரியாது. தசையில் ஒரு தழும்பு இருக்கிறது, தெரியாது. பிறவியிலேயே மின்கடத்தலில் சின்னக் குறை இருக்கிறது, அதுவும் தெரியாது. அந்த இதயத்தின் மேல் இந்த அட்ரினலினும் ஆக்சிஜன் பஞ்சமும் சேர்ந்து இறங்கும்போது கீழறைகள் தாளம் தப்பி வெறுமனே நடுங்க ஆரம்பிக்கலாம். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். ரத்தம் வெளியே போகாது, நிமிடக் கணக்கில் கதை முடியும். 1972-லேயே பெல்லட் என்பவர் நாய்களில் செய்த சோதனையில், சிகரெட் புகை கொடுத்த பிறகு இந்த நடுக்கத்தை உண்டாக்கக் குறைந்த மின்சாரமே போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட செவிலியர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், புகைக்கும் பெண்களுக்குத் திடீர் இதய மரணம் புகைக்காதவர்களைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஒரு நாளைக்கு 14-க்குள் நிறுத்திக்கொண்டவர்களுக்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டுப் படுத்தார், காலைல பார்த்தா..." என்று எத்தனை துக்க வீட்டில் கேட்டிருப்போம். அதில் எத்தனை பேர் சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்தது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. விதி என்று முடித்துவிடுகிறோம்.

"நான் ஒரு நாளைக்கு ஒன்னே ஒன்னுதான்" என்கிற கோஷ்டிக்கு: 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 141 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தினம் 20 பிடிப்பவனுக்கு இதய நோயால் வருகிற கூடுதல் ஆபத்தில், ஒன்றே ஒன்று பிடிப்பவனுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? இருபதில் ஒரு பங்கு என்று நீங்களும் நானும் கணக்குப் போடுவோம். வந்தது 40 முதல் 50 சதவீதம். நுரையீரல் புற்றுநோய்க்குக் கணக்குப் போடுகிற மாதிரி இதயத்துக்குப் போட முடியாது. முதல் தம்மிலேயே பாதிக் கட்டணத்தை வாங்கிக்கொள்கிறது. ஒன்றே ஒன்று என்பது ஒழுக்கம் இல்லை, மோசமான பேரம்.

பக்கத்தில் நிற்பவன் கதையைச் சொல்லாமல் விட்டால் என் சொந்தக் கோபத்தை மறைத்த மாதிரி ஆகிவிடும், ஏனென்றால் தினமும் அந்தக் கடையில் டீயோடு பக்கத்தில் நிற்பவன் நான். 2001-இல் வெளியான ஒரு ஆய்வு. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் அப்போது புகைப்பவர்களுக்கென்று கண்ணாடி அறைகள் இருந்தன. போப் என்ற பேராசிரியர் குழு, புகைக்காத 16 பேருக்கு ஈசிஜி ரெக்கார்டரை உடம்பில் மாட்டி, இரண்டு மணி நேரம் வெளியே, இரண்டு மணி நேரம் அந்த அறைக்குள் என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். பாவம், கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்திருப்பார்கள். உள்ளே இருந்தபோது அவர்கள் இதயத்தின் அந்த நல்ல ஆட்டம் 12 சதவீதம் குறைந்தது. ஒரு இழுப்புகூட இழுக்காமல்! பொது இடத்தில் புகைக்கத் தடை என்று 2008 அக்டோபர் 2-ஆம் தேதி இங்கே நடைமுறைக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டில் அந்த போர்டுக்கு அடியில் நின்றுதான் பற்ற வைக்கிறார்கள். கேட்டால் "உனக்கு என்ன தம்பி, தள்ளி நில்லு" என்கிறார்கள். நான் தள்ளி நிற்கிறேன். புகை தள்ளி நிற்க மாட்டேன் என்கிறது.

கடைசியாக, பிரச்சாரம் பண்ணுகிறவர்களுக்கும் ஒரு குத்து. சிகரெட் பாக்கெட்டின் 85 சதவீத இடத்தை 2016-லிருந்து எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் புண், கட்டி, அழுகின தொண்டை. தியேட்டரிலும் படம் ஆரம்பிக்கும் முன்னால் அதே வகையறா. தப்பில்லை, உண்மைதான். ஆனால் அதைப் பார்க்கும் இருபது வயதுக்காரன் என்ன நினைக்கிறான்? இது ஐம்பது வயதுக்காரன் பிரச்சினை, நான் முப்பதில் நிறுத்திவிடுவேன். ஒரு சிகரெட்டுக்கு ஆயுளில் 11 நிமிடம் என்று 2000-இல் ஒரு கணக்கு வந்தது, 2024 கடைசியில் லண்டனில் அதைத் திருத்திச் சராசரி 20 நிமிடம் என்றார்கள். சொன்னால் "எழுபத்தெட்டு வயசுல இருபது நிமிஷம் யாருக்கு வேணும்?" என்கிறான். ஆயுளின் கடைசியிலிருந்து கழிக்கிற கணக்கு எதுவும் இவன் மண்டையில் ஏறாது. பெட்டிக்கடையில் ஒத்தை வாங்குகிறவனுக்கு அந்த 85 சதவீதப் படம் கண்ணிலேயே படுவதில்லை என்பது இன்னொரு கூத்து. கடைக்காரர் கையிலிருந்து இவன் வாய்க்கு நேராகப் போகிறது.

எதிர்காலத்தைக் காட்டியது போதும், நிகழ்காலத்தைக் காட்டுங்கள். கல்லூரி வாசலில் ஒரு மேஜை, ஒரு ஈசிஜி மெஷின். பிடிப்பதற்கு முன்னால் ஒரு பட்டை, பிடித்த பிறகு ஒரு பட்டை. இரண்டையும் அவன் கையிலேயே கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். பயமுறுத்த வேண்டாம், அட்வைஸ் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமே நிறுத்தினால் என்ன நன்மை என்று போடுகிற பட்டியலில் முதல் வரி "20 நிமிடத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறையும்" என்பதுதான். 12 மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு சாதாரண நிலைக்கு வரும் என்பது அடுத்தது. இருபது நிமிடத்தில் இறங்குகிறது என்றால் அதற்கு முன்னால் ஏறியிருந்தது என்றுதானே அர்த்தம்? அந்தப் பாதியை ஏன் யாரும் போஸ்டர் அடிப்பதில்லை?

என் நண்பன் திருந்திவிட்டான் என்று எழுதினால் படிக்கச் சுகமாக இருக்கும். திருந்தவில்லை. நேற்றுகூட வாசலில் பார்த்தேன். ஆனால் அந்த இரண்டு பட்டையையும் மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறான், ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான். பாக்கெட்டில் அச்சடித்திருக்கிற 1800-11-2356 என்ற எண்ணுக்குப் போன் பண்ணச் சொன்னேன், "பார்க்கலாம்" என்றான். அப்புறம் அவனாகவே ஒன்று சொன்னான். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தொடாமல் இருந்து பார்க்கிறானாம், சனிக்கிழமை லேப் காலி, மூன்றாவது பட்டை எடுக்கணுமாம். பேப்பர் ரோலுக்கு அட்டெண்டர் அண்ணனிடம் நான்தான் பேச வேண்டும்.